கண்ணால் ஒரு முறை, விரலால் ஒரு முறை: ஆண், பெண் இடஉணர்வை அளக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் சில பிள்ளைகள் பள்ளி அறிவியல் கண்காட்சி வேலையோடு என் மேசைக்கு வருவார்கள். வருடத்துக்கு ஒருவராவது "ஆணா பெண்ணா, யாருக்கு இடஉணர்வு அதிகம்?" என்ற தலைப்போடு வந்துவிடுவார். கருவி செய்வார்கள், பத்துப் பேரைச் சோதிப்பார்கள், அட்டையில் பெரிதாக ஒரு முடிவு எழுதுவார்கள். அந்த முடிவு பெரும்பாலும் விரலின் பருமனையோ வயதையோ அளந்ததாக இருக்கும், ஆண் பெண் வேறுபாட்டை அல்ல.

கீழே இருக்கும் வரிசை அந்தத் தடுமாற்றங்களிலிருந்து வந்தது. படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம். பல படிகள் அடுத்த படியைக் கெடுக்காமல் இருப்பதற்காகவே அந்த இடத்தில் இருக்கின்றன.

1. எந்த இடஉணர்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இடஉணர்வு என்ற ஒரே சொல்லுக்குள் பல திறன்கள் இருக்கின்றன. ஒரு கோலின் சாய்வை அறிவது ஒன்று. ஒரு கட்டை உருவத்தை மனதுக்குள் சுழற்றிப் பார்ப்பது வேறு. எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று நினைவில் வைப்பது இன்னொன்று. விரல் நுனியில் நெருக்கமான வரிகளைப் பிரித்து உணர்வது இவை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நிற்பது.

ஆய்வுகளில் இவை ஒரே பக்கம் சாய்வதில்லை. மனதில் சுழற்றும் சோதனையில் ஆண்களின் சராசரி அதிகம். பொருள்கள் இருந்த இடத்தை நினைவுகூர்வதில் பெண்களின் சராசரி அதிகம் என்று சில்வர்மேனும் ஈல்ஸும் 1992இல் காட்டினார்கள். இரண்டு கோல்களைத் தொட்டே இணையாக வைக்கும் சோதனையில் பெண்களின் விலகல் கூடுதலாக இருப்பதை நெதர்லாந்தின் காப்பர்ஸ் கண்டார். விரல் நுனியில் நுண்ணிய வரிகளை உணர்வதில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள்.

ஆக, "யாருக்கு அதிகம்" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்காது. என் பரிந்துரை இரண்டே சோதனைகள்: கண்ணாலும் கையாலும் செய்யும் கோல் சோதனை, விரல் நுனிக்கு வரி சோதனை. ஐந்து வைத்தால் ஒன்றையும் ஒழுங்காக முடிக்க முடியாது.

2. ஆட்களைச் சேர்ப்பது

எத்தனை பேர் வேண்டும் என்பதுதான் எல்லோரும் தவறும் முதல் இடம். புள்ளியியல் பாடநூல் கணக்குப்படி, வேறுபாடு பெரியதாக, அதாவது நியம விலகலில் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 0.8 மடங்காக இருந்தால், அதைப் பிடிக்க ஆணிலும் பெண்ணிலும் தலா 26 பேர் வேண்டும். நடுத்தர வேறுபாட்டுக்கு, அதாவது 0.5 மடங்குக்கு, தலா 64 பேர். ஐந்து பையன்கள், ஐந்து பெண்பிள்ளைகள் என்றால் வருவது தற்செயல்தான்.

அவ்வளவு பேர் கிடைக்காவிட்டால் அதற்காக விட்டுவிட வேண்டாம். செய்யுங்கள், ஆனால் அதை "முன்னோட்டம்" என்றே அட்டையில் எழுதுங்கள். நடுவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் யாரை எடுக்கிறோம் என்பது. ஒரு வருடம் ஒரு பையன் கோவில் கூடத்திலேயே ஆட்களைப் பிடித்தான். அங்கே இருந்த பெண்கள் அறுபது தாண்டிய ஆயாக்கள், ஆண்கள் கிரேடு 10 நண்பர்கள். வயதாக ஆக விரல் நுனியின் கூர்மை குறையும். அவன் அளந்தது வயதை.

வேலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டர்பன் துணித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் நம் குடும்பங்களில் நிறைய. என் பெரியம்மா கோல்களைத் தொட்டு வைத்த நேர்த்தியைப் பார்த்து எப்படி என்று கேட்டேன். "தையல் நேராப் போகுதான்னு நாங்க கையாலதானே பார்ப்போம்" என்றார். வீணை, கித்தார் வாசிப்பவர்கள், தச்சர்கள், பல வருடமாகக் கையால் பாத்திரம் தேய்ப்பவர்கள் எல்லோருக்கும் விரல் வேறு மாதிரி இருக்கும். ஒரே வகுப்பு மாணவர்களையோ, அக்கா தம்பி ஜோடிகளையோ எடுப்பது எளிது. வயதும் வீட்டுச் சூழலும் ஓரளவு ஒத்துப்போகும்.

3. சம்மதமும் கண்கட்டும்

சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். என்ன செய்யப் போகிறோம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், பெயர் எழுத மாட்டோம் என்ற மூன்றும் தாளில் இருக்கட்டும். பெயருக்குப் பதில் எண்.

கண்ணைக் கட்ட வேண்டாம். ஒரே துணியை இருபது பேர் முகத்தில் கட்டுவது சுத்தமில்லை. ஒரு பையன் வந்து கண்ணைக் கட்டுவது பல ஆன்டிகளுக்குக் கூச்சமாகவும் இருக்கும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கயிறு கட்டி, பழைய லுங்கியைத் திரையாகத் தொங்கவிடுங்கள். கைகள் திரைக்குக் கீழே போகும், முகம் மேலே இருக்கும்.

ஆனால் எதைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் அதுவே. கை தெரியாவிட்டாலும், கண் திறந்து சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே தொட்டு இணை வைக்கும் திறன் கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கண்கட்டும் மீதிப் பேருக்குத் திரையும் என்றால் கணக்கு அங்கேயே கெட்டது. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி ஒட்டி, அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

4. கோல் கருவி

தேவை: இரண்டு 20 செ.மீ. மரக் கோல்கள், இரண்டு பெரிய பாகைமானி அச்சுகள், இரண்டு ஆணி, ஒரு நீளப் பலகை, கொஞ்சம் ப்ரெஸ்டிக் (சுவரில் படம் ஒட்டப் பயன்படும், பிசைந்து ஒட்டும் பசை).

ஒவ்வொரு கோலையும் நடுவில் துளைத்து ஆணியில் சுழலவிடுங்கள். இரண்டு ஆணிகளுக்கும் இடையே 60 செ.மீ. பாகைமானிகள் கோலுக்கு அடியில், இரண்டிலும் சுழியம் ஒரே திசையில் பார்க்கட்டும். இடது கோலை நீங்கள் ஒரு பாகையில் வைத்து ப்ரெஸ்டிக்கால் அசையாமல் நிறுத்துவீர்கள். வலது கோலை அவர்கள் திருப்பி இணையாக்க வேண்டும்.

நாற்காலியின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். உடலின் நடுக்கோடு இரண்டு கோல்களுக்கும் சரிநடுவே இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் எண்கள் மாறும், ஏனென்றால் இந்தச் சோதனையில் தவறு பிறப்பதே கையின் இருப்பிலிருந்துதான். வலது கை உடலை விட்டு வெளியே போகப் போகக் கடிகாரச் சுற்றாகத் திரும்புகிறது. இடது கை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மூளை பாதி கையை வைத்தும் பாதி அறையை வைத்தும் சாய்வைக் கணக்கிடுவதால், இணை என்று அவர்கள் நம்பி வைக்கும் வலது கோல் கடிகாரச் சுற்றாக விலகி நிற்கும். சிலருக்கு 10 பாகைக்குள், சிலருக்கு 40 பாகையையும் தாண்டிப் போகும். முதல் ஆளின் விலகலைப் பார்த்ததும் கருவி கெட்டுவிட்டது என்று ஒரு பெண் பலகையைப் பிரித்தே போட்டுவிட்டாள். கருவியில் கோளாறில்லை, அந்த விலகலைத்தான் நாம் அளக்கிறோம்.

இதனாலேயே கை நீளத்தையும் தோள் அகலத்தையும் அளந்து எழுதச் சொல்கிறேன். 60 செ.மீ. என்பது குட்டையான கைக்குப் பெரிய தூரம். அதுதான் காரணம் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். அளவு கையில் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. வரிக் கட்டைகள்

விரல் நுனிச் சோதனைக்கு, மேடும் பள்ளமும் ஒரே அகலத்தில் மாறி மாறி வரும் கட்டைகள் வேண்டும். விலைக்கு வாங்கும் கருவிகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படியாகாது. கடைக்காரர்கள் தரும் பழைய பிளாஸ்டிக் அட்டைகள் போதும். வங்கி அட்டை அளவில் வருபவை 0.76 மி.மீ. தடிமன் கொண்டவை.

அட்டைகளை 2 செ.மீ. நீளக் கீற்றுகளாக வெட்டுங்கள். பாதியை 12 மி.மீ. உயரம், பாதியை 10 மி.மீ. உயரம். உயரமானது ஒன்று, குட்டையானது ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்தி ஒட்டினால் 0.76 மி.மீ. வரிகள் கொண்ட கட்டை கிடைக்கும். இரண்டிரண்டாக ஒட்டினால் 1.52, மூன்று மூன்றாக ஒட்டினால் 2.28. நடுவில் மெல்லிய தாளட்டைக் கீற்று சேர்த்து இடைப்பட்ட அளவுகளையும் செய்யுங்கள். இளம் வயதினருக்கு எல்லை, அதாவது விரல் பிரித்து உணரும் மிகச் சிறிய வரி அகலம், பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ.க்குள் விழும் என்பதால் அந்த இடைவெளியில் இரண்டு மூன்று கட்டைகள் அவசியம். முனைகளை உப்புத்தாளால் தேய்க்க மறக்க வேண்டாம். பிசிறு இருந்தால் விரல் அதை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

எல்லாக் கட்டைகளின் எடையும் ஒன்றாக, 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம், இருக்கும்படி முதுகில் நாணயம் ஒட்டுங்கள். கட்டையை விரல் மீது மெதுவாக இறக்கி, அதன் சொந்த எடையில் இரண்டு விநாடி நிற்கவிட்டு எடுங்கள். அவர்களையே அழுத்தச் சொன்னால் பலமாக அழுத்துபவருக்குப் பள்ளம் ஆழமாகத் தெரியும். விரலை நகர்த்தித் தேய்க்கவும் விடக் கூடாது. தேய்த்தால் அதிர்வை வைத்துச் சொல்லிவிடுவார்கள், பிறகு அது இடத்தை உணரும் சோதனையாக இருக்காது.

6. விரலை அளக்காமல் தொடங்க வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2009இல் கனடாவில் பீட்டர்ஸ், ஹாக்மேன், கோல்ட்ரைச் மூவரும் 100 கல்லூரி மாணவர்களின் விரல் நுனியை இதே மாதிரி வரிகளால் சோதித்தார்கள். பெண்களின் சராசரி கூர்மை அதிகம்தான். ஆனால் விரல் நுனியின் பரப்பைக் கணக்கில் சேர்த்ததும் ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. சிறிய விரல் உள்ள ஆணும் அதே அளவு விரல் உள்ள பெண்ணும் ஒரே மாதிரி உணர்ந்தார்கள். சிறிய விரலில் வியர்வைத் துளைகள் நெருக்கமாக இருந்தன. நுண்ணிய வடிவத்தை உணரும் மெர்க்கல் செல்கள் அந்தத் துளைகளை ஒட்டியே கூடுவதால், அவையும் அங்கே நெருக்கமாக இருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அளப்பது எளிது. முத்திரை மையில் சுட்டுவிரலைத் தொட்டு, சமையலறைத் தராசின் மேல் வைத்த வரைபடத் தாளில், முள் ஒரே எண்ணைக் காட்டும் வரை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு மி.மீ. கட்டங்களை எண்ணுங்கள். சோதனை முடிந்தபின் அளந்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லோரும், அந்த ஆட்களை மறுபடி பிடிக்க ஃபீனிக்ஸ், டோங்காட் என்று அலைந்திருக்கிறார்கள்.

மை அளவு எடுத்ததும் கை கழுவித் துடைத்து ஐந்து நிமிடம் உட்காரட்டும். பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் விரல் ஊறி இருக்கும், ஜூலைக் காலையில் குளிர்ந்து மரத்திருக்கும். இரண்டு பாலாரையும் ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் சோதியுங்கள். பெண்பிள்ளைகளைக் காலையிலும் பையன்களைக் கால்பந்து முடிந்த பிறகும் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

7. யாருக்குக் கண் முதலில், யாருக்குக் கை முதலில்

ஒவ்வொரு பாலாரிலும் பாதிப் பேர் கோல் சோதனையைக் கண்ணால் முதலில் செய்யட்டும், மீதிப் பேர் கையால் முதலில். கண்ணால் பார்த்தவருக்குப் பலகையின் அமைப்பு தெரிந்துவிடும், அந்த அறிவு கைக்கும் உதவும். எல்லோரும் ஒரே வரிசையில் செய்தால் கையின் எண்ணில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

வரிசைப் பட்டியலை வீட்டிலேயே நாணயம் சுண்டி எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த இடத்தில் நின்று முடிவு செய்தால் நம் கை நமக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாயும். காத்திருப்பவர்கள் கருவியைப் பார்க்காதபடி ஒரு போர்வையால் மூடி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

8. என்ன சொல்ல வேண்டும், எந்த மொழியில்

சொல்லும் வாக்கியங்களைத் தாளில் எழுதி, எல்லோருக்கும் அப்படியே வாசியுங்கள். நம் வீடுகளில் ஆயாவுக்குத் தமிழும் பேரப் பிள்ளைக்கு ஆங்கிலமும் சுலபம். ஆளுக்கேற்ப விளக்கினால் ஒருவருக்கு அரை நிமிட விளக்கமும் இன்னொருவருக்கு மூன்று நிமிடப் பாடமும் கிடைக்கும். இரண்டு மொழித் தாள்களையும் முன்பே தயார் செய்து, யார் எதைக் கேட்டார் என்று குறித்துவையுங்கள். "இணை" என்ற சொல்லுக்குப் பதில் "ரயில் தண்டவாளம் மாதிரி" என்று சொல்வது எல்லோருக்கும் புரிந்தது.

ஆண் பெண் ஒப்பீடு என்று தொடக்கத்தில் சொல்லாதீர்கள். சொன்னால் கூடத்தில் இருக்கும் அங்கிள் ஒருவர் "இதெல்லாம் பொம்பிளைங்களுக்கு வராதும்மா" என்று கத்துவார். அதன்பின் உட்காரும் பெண் ஒன்று பதறுவாள், இல்லை பத்து மடங்கு கவனமாகச் செய்வாள். இரண்டுமே நமக்கு ஆகாது. சோதனை முடிந்ததும் முழு நோக்கத்தையும் சொல்லிவிடுங்கள்.

9. சோதனையை நடத்துவது

கோலுக்கு நான்கு சாய்வுகள்: 0, 45, 90, 135 பாகை. ஒவ்வொன்றும் மூன்று முறை, கலைத்த வரிசையில். கண்ணுக்கு 12, கைக்கு 12. நேர்க்கோடுகளைவிட (0, 90) சாய்கோடுகளில் (45, 135) எல்லோரும் அதிகம் தவறுவார்கள், கண்ணிலும் சரி, கையிலும் சரி. அதனால் ஒருவருக்கு நேர்க்கோடும் இன்னொருவருக்குச் சாய்கோடும் கூடுதலாகப் போய்விடக் கூடாது.

வலது கோலை ஒவ்வொரு முறையும் வேறு சாய்வில் விட்டுத் தொடங்குங்கள். ஒரே இடத்தில் விட்டால் பலர் கொஞ்சம் அசைத்துவிட்டு அங்கேயே நிறுத்துவார்கள்.

நேரக் கெடு வேண்டாம். மனதில் சுழற்றும் சோதனையில் நேரத்தை நெருக்கினால் ஆண் பெண் இடைவெளி பெரிதாகிறது, தளர்த்தினால் சுருங்குகிறது. நேரத்தை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தைக் காட்ட வேண்டாம்.

வரிக் கட்டைக்கு, அளவு ஒவ்வொன்றிலும் 20 முறை. பாதி விரலின் நீளவாக்கில், பாதி குறுக்கே, கலைத்து. வரி நீளவாக்கில் போகிறதா குறுக்கே போகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்ற பதில் கிடையாது, ஊகித்தாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், துணிந்து ஊகிப்பவருக்கும் தயங்குபவருக்கும் உள்ள குணவேறுபாடு மதிப்பெண்ணாக மாறிவிடும். வெறும் ஊகத்தில் 20க்கு 10 வரும். 15 சரியாக வரும் மிகச் சிறிய அளவை அவர் எல்லையாக எடுங்கள்.

"சூப்பர்!", "ஐயோ!" இரண்டும் தடை. பக்கத்தில் நிற்கும் தோழியின் முகமும்தான். தோழியை வெளியே அனுப்புங்கள்.

10. எண்களைக் கெடுக்கும் இரண்டு தவறுகள்

முதலாவது: கோலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. 179 பாகையும் 1 பாகையும் கிட்டத்தட்ட ஒரே சாய்வு, வித்தியாசம் 2தான். கழித்துப் பார்த்து 178 என்று எழுதிய ஒரு வரி, ஒருவரின் சராசரியை மட்டுமல்ல, அவர் இருக்கும் அணியின் சராசரியையே இழுத்துவிடும். வித்தியாசம் 90ஐத் தாண்டினால் 180ஐக் கழித்தோ கூட்டியோ திருத்துங்கள்.

இரண்டாவது: கூட்டல் கழித்தல் குறி. கடிகாரச் சுற்று விலகலைக் கூட்டலாகவும் எதிர்ச்சுற்றைக் கழித்தலாகவும் எழுதுங்கள். அப்புறம் இரண்டு சராசரிகள் போடுங்கள். குறியோடு போட்டால் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரியும். குறியை நீக்கிப் போட்டால் எவ்வளவு தவறுகிறார் என்று தெரியும். ஒருமுறை +20, மறுமுறை −20 வைத்தவருக்குக் குறியோடு சராசரி சுழியம். அவரைத் துல்லியமானவர் என்று அட்டையில் எழுதி, நடுவர் கேட்ட ஒரே கேள்வியில் ஒரு பிள்ளை அழுததைப் பார்த்தபின் இதைத் தனிப் படியாகவே வைத்துவிட்டேன்.

11. வரைந்து பார்ப்பது

இரண்டு தூண் வரைபடத்தோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வையுங்கள், ஆண்களுக்கு ஒரு நிறம், பெண்களுக்கு ஒரு நிறம். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது அப்போதுதான் தெரியும். 0.8 என்ற பெரிய வேறுபாட்டில்கூட, கண்ணை மூடி ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால், முன்னணிப் பாலைச் சேர்ந்தவர் முந்துவது 100க்கு 71 முறைதான்.

பிறகு வரிச் சோதனையின் எல்லையை விரல் பரப்புக்கு எதிராக வரையுங்கள். இரண்டு நிறங்களும் ஒரே சாய்கோட்டில் வரிசையாக நின்றால், அங்கே வேலை செய்வது விரல் அளவு. கோல் விலகலைக் கை நீளத்துக்கு எதிராகவும் அப்படியே.

12. அட்டையில் எழுதுவது

எழுதலாம்: "எங்கள் 40 பேரில், கையால் செய்த கோல் சோதனையில் இந்த அணியின் சராசரி விலகல் இவ்வளவு பாகை அதிகம். கண்ணால் செய்தபோது வேறுபாடு இவ்வளவு."

எழுத வேண்டாம்: "பெண்களின் மூளை", "ஆண்களின் பிறவிக் குணம்". கோலும் பிளாஸ்டிக் அட்டையும் மூளையைப் பார்க்கவில்லை. காரணம் கேட்டால் சொல்ல இரண்டு ஆய்வுகளை மனதில் வையுங்கள். டொராண்டோவில் 2007இல், 10 மணி நேரம் அதிரடிக் கணினி விளையாட்டு ஆடிய பிறகு மனதில் சுழற்றும் திறனில் ஆண் பெண் இடைவெளி குறைந்தது. இந்தியாவின் வடகிழக்கில், அக்கம்பக்கம் வாழும் இரண்டு இனங்களிடம் ஒரே படப்புதிரைக் கொடுத்தார்கள். தந்தைவழிச் சொத்துரிமை உள்ள கார்பி மக்களிடம் ஆண்கள் வேகமாக முடித்தார்கள், தாய்வழியான காசி மக்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. இது 2011இல் வெளியானது.

கருவியைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களில் பத்துப் பேரையாவது திரும்ப அழைத்து அதே சோதனையை வையுங்கள். முதல் வாரம் 30 பாகை விலகியவர் அடுத்த வாரம் 5 என்றால், ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவதற்கு முன் நாற்காலியின் டேப் குறியைத்தான் சரிபார்க்க வேண்டும். ப்ரெஸ்டிக்கைக் காரில் விடாதீர்கள், வெயிலில் இளகிப் பாகைமானி முழுக்க ஒட்டிக்கொள்ளும்.